விருந்தினர் போர்வையில் வீண்பழி

வாடகை விடுதி நடத்துவோர்க்கு இந்நாளில் வாசற்பலகையைவிடக் கைப்பேசித் திரையில் தெரியும் நட்சத்திரங்களே பெரிதாகிவிட்டன. நாகூருக்கு ஜியாரத் செல்லும் குடும்பமாயினும், உதகைக்குக் கோடையில் செல்லும் குடும்பமாயினும், பிறர் எழுதிய மதிப்புரையைப் படித்த பின்னரே அறை பதிவு செய்கின்றது. இதனை அறிந்த சிலர், போட்டியாளரின் விடுதியில் ஓரிரவும் தங்காமலே, தங்கியவர்போல் நடித்து, மூட்டைப்பூச்சி என்றும் மோசடி என்றும் எழுதிவிடுகின்றனர்.

இது புறங்கூறுதலினும் கொடிது. ஒருவரிடம் உள்ள குறையை அவர் இல்லாவிடத்து உரைப்பது ‘கீபத்’. இல்லாத குறையை ஏற்றி உரைப்பது ‘புஹ்தான்’ என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வேறுபடுத்திக் காட்டியது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஆயினும், மெய்யாகவே தங்கி அல்லலுற்றவர் குறை சொன்னால் அவரை ஏசலாகாது. தீங்கினின்று பிறரை எச்சரிக்கக் குறையைச் சொல்லுதல் ஆகும் என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில் விளக்கியுள்ளார்கள். ஆகவே விடுதியாளர் முதலில் தம் தலையணை உறையைப் பார்க்கட்டும். பிறகு பதிவேட்டைப் பார்க்கட்டும்.

எழுதியவர் பெயரும் அவர் கூறும் நாளும் பதிவேட்டில் இல்லையெனில், ஒரே வாரத்தில் இத்தகையவை பல வந்துள்ளனவா, அதே கணக்கு வேறொரு விடுதியை மட்டும் வானளாவப் புகழ்ந்துள்ளதா என ஆராய வேண்டும். அறிவிப்பாளரின் நாணயத்தைத் துருவி ஆய்ந்த பின்னரே நபிமொழியை ஏற்ற முஹத்திஸ்களின் வழிவந்தோர்க்கு இது புதுக்கலையன்று! அம்மதிப்புரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, தளத்தாரிடம் முறையிட வேண்டும். ஏர்பிஎன்பியில் அறை பதிவு செய்தவரே எழுத இயலும்; கூகுள் வரைபடத்திலோ கணக்குள்ள எவரும் எழுதலாம். இடர் மிகுவது அங்கேதான். எல்லோரும் காண மறுமொழி எழுதவும் அங்கு வழியுண்டு. ‘இந்நாளில் இப்பெயரில் எவரும் தங்கவில்லை, தங்கியிருப்பின் பதிவு எண்ணைத் தெரிவியுங்கள்’ என்ற அளவே போதும்.

பக்கத்து விடுதிக்காரரின் வேலை இது என்று அதில் எழுதிவிடலாகாது. ஐயம் சான்றாகாது, மிகுதியான ஐயங்களைத் தவிர்க்குமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் (49:12) பணிக்கின்றது. சான்று கிட்டினால் வழக்கறிஞரை நாடலாம்.

மச்சானையும் மருமகனையும் கொண்டு ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொள்வோரும் உளர். அவன் பொய்யால் தாழ்த்தினான், நான் பொய்யால் நிமிர்த்துகிறேன் என்பது அவர்கள் வாதம். அப்புகழ்ச்சியை நம்பி முன்பணம் கட்டி வரும் குடும்பம் யாருக்கு என்ன தீங்கிழைத்தது? அமெரிக்காவில் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி, பொய்ப் பழியோடு பொய்ப் புகழ்ச்சியையும் சேர்த்தே தடுக்கின்றது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2022இல் இணைய மதிப்புரைகளுக்கு நெறிமுறை வகுத்துள்ளது. மெய்யாகத் தங்கிச் செல்வோரிடம் சாவியைப் பெறும்போது, நிறையோ குறையோ உள்ளதை எழுதுங்கள் என்று கேட்பதில் தவறில்லை. அதற்கு விலையாகத் தள்ளுபடி மட்டும் தரலாகாது.