நாம்சேயில் இரண்டாவது இரவைக் கேட்டு வாங்குங்கள்

எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நடக்கிறவர்கள் சுமார் 2,860 மீட்டர் உயரத்தில் உள்ள லுக்லாவில் விமானத்திலிருந்து இறங்கி, வழக்கமாக மறுநாள் 3,440 மீட்டரில் உள்ள நாம்சே பஜாரை அடைகிறார்கள். அங்கே ஒரு நாள் ஓய்வு. விடுமுறை போதவில்லை என்றதும் பலருக்கு முதலில் கைவைக்கத் தோன்றுவது இந்த நாளில்தான். அது கூடவே கூடாது. 2,500 மீட்டரைத் தாண்டினால் உயர நோய் யாருக்கும் வரலாம். காற்றழுத்தம் குறையக் குறைய ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. உடல் அதற்குப் பழக நாட்கள் பிடிக்கும். 3,000 மீட்டருக்கு மேல் இரவில் தூங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்குங்கள் என்கிறார்கள் மலை மருத்துவ வல்லுநர்கள். அடிவார முகாமோ 5,364 மீட்டரில் இருக்கிறது.

தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுகிற எனக்கு எதற்கு ஓய்வு என்று கேட்பவர்கள் உண்டு. உடல் வலிமை உயர நோயைத் தடுப்பதில்லை. வேகமாக ஏற முடிவதாலேயே வலிமையானவர்கள் சிக்கிக்கொள்வதும் உண்டு. டயமாக்ஸ் மாத்திரை உடல் பழகுவதற்கு உதவும், உண்மைதான். ஆனால் அவசரமாக ஏறுவதற்கு அது அனுமதிச் சீட்டு அல்ல. ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு வாங்க வேண்டிய மருந்து அது. ஓய்வு நாள் என்றால் படுத்தே கிடப்பதும் அல்ல. பகலில் 3,880 மீட்டரில் உள்ள எவரெஸ்ட் வியூ ஹோட்டல் வரை ஏறிவிட்டு, நாம்சேக்கே திரும்பித் தூங்குவது நல்லது. தலைவலியும் குமட்டலும் இருந்தால், அவை தீரும்வரை மேலே போகாதீர்கள். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்காமல் உடனே கீழே இறங்க வேண்டும். மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்திருப்பதன் அடையாளம் அது; சில மணி நேரத்தில் உயிரைப் பறித்துவிடக்கூடும்.

ஹெலிகாப்டர் இருக்கிறதே என்ற நம்பிக்கையும் பலவீனமானது. வானிலை மோசமானால் அது பறக்காது. பறந்தாலும் காப்பீடு பணம் தருமா என்பது வேறு கேள்வி. பல பயணக் காப்பீடுகள் மலையேற்றத்தை விலக்குகின்றன, அல்லது உயர வரம்பு வைக்கின்றன. புறப்படுவதற்கு முன்பே 5,500 மீட்டர் வரை செல்லுமா, ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பாலிசி எண்ணையும் அவசர உதவி எண்ணையும் ஓய்வு நாளில் வழிகாட்டியிடம் கொடுத்துவையுங்கள். தேவையில்லாமல் நடைபயணிகளை ஹெலிகாப்டரில் இறக்கிக் காப்பீட்டுப் பணம் கறந்த மோசடியை 2018இல் நேபாள அரசின் விசாரணையே வெளிக்கொண்டுவந்தது. ஆகவே, முடிந்தவரை காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலோடுதான் ஹெலிகாப்டரை அழைக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

பயண அட்டவணையில் நாம்சேயில் இரண்டு இரவு என்று எழுதி வாங்குங்கள். இந்திய நிறுவனம் ஒன்று அதை மீறினால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தால் முதலில் அதற்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.