நொச்சியிலையும் நிர்ப்பீடனக் கலங்களும்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, போரதீவுப்பற்றில் அமைந்த வெல்லாவெளி முதலிய படுவான்கரைக் கிராமங்கள் நெல்லையும் கால்நடையையும் நம்பி வாழ்பவை. மூட்டுவலிக்கும் வீக்கத்துக்கும் நொச்சியிலையை அவித்து ஒற்றடமிடுவதும், தடிமனுக்கு வேது பிடிப்பதும் தமிழர் கைமருத்துவத்தின் பழைய முறைகள். இவற்றின் இரசாயன அடிப்படை யாது என்னும் வினாவை, பிளேவனொயிட்டுகள் எனப்படும் தாவரச் சேர்வைகளைக் கொண்டு இங்கு நோக்குவோம்.

காயமோ கிருமியோ இழையத்தைத் தாக்கும்போது, அந்நியப் பொருட்களை விழுங்கும் பெருந்தின்குழியங்கள் தூண்டப்படுகின்றன. அவற்றிலுள்ள என்.எவ். கப்பா பி என்னும் புரதம் கருவினுட் புகுந்து பல பரம்பரையலகுகளை இயக்குகின்றது. அதன் பயனாக, புரொஸ்ராகிளான்டின்களை ஆக்கும் நொதியமும் நைத்திரிக் ஒட்சைட்டை ஆக்கும் நொதியமும் பெருகுகின்றன. செம்மை, வெம்மை, வீக்கம், நோவு ஆகியன இதன் வெளிப்பாடுகள். இவ்வழற்சி ஒரு பாதுகாப்பே. ஆயின் அது நீடிப்பின் உடலையே சிதைக்கும்.

பிளேவனொயிட்டின் அடிப்படைக் கட்டமைப்பு 15 காபன் அணுக்களாலானது. வெங்காயத்திலுள்ள குவெர்செற்றின் இவ்வினத்தது. அதில் ஐந்து ஐதரொட்சில் கூட்டங்கள் உள. ஆய்வுகூடத்தில் வளர்க்கப்படும் பெருந்தின்குழியங்களில் இது மேற்கூறிய தூண்டலைத் தணிக்கின்றது. ஆனால் உண்ணப்பட்ட குவெர்செற்றின் குடற்சுவரிலும் ஈரலிலும் குளுகுரோனிக் அமிலத்துடனும் சல்பேற்றுடனும் இணைக்கப்படுவதால், குருதியில் அது தனிநிலையிற் காணப்படுவது மிக அரிது. எனவே கண்ணாடிக் கிண்ணத்திற் கண்ட விளைவை உடலுக்கு அப்படியே ஏற்றிக் கூறுதல் பொருந்தாது.

எனினும் இணைப்புற்ற வடிவம் பயனற்றதென்றும் கொள்ள முடியாது. 2008இல் ஜப்பானிய ஆய்வாளர் வெளியிட்ட முடிவின்படி, பெருந்தின்குழியங்கள் குவெர்செற்றின் குளுகுரோனைட்டை உள்ளெடுத்து, இணைப்பை அறுத்து, தனிக் குவெர்செற்றினை மீட்கவல்லன. அழற்சி உள்ள இடத்திலேயே மருந்து விடுவிக்கப்படலாம் என்பதே இதன் உட்கிடை.

நொச்சியிலுள்ள கஸ்ரிசின் என்னும் பிளேவனொயிட்டை இயற்கை வேறு வகையில் மாற்றியமைத்துள்ளது. அதன் நான்கு ஐதரொட்சில் கூட்டங்கள் மெதயிலேற்றம் பெற்றுள்ளன; இரண்டே எஞ்சியுள்ளன. மெதயிலேற்றம் பெற்ற பிளேவனொயிட்டுகள் பொதுவாக ஈரலின் மாற்றத்துக்கு எளிதில் உட்படுவதில்லை. குடற்சுவரையும் இலகுவிற் கடக்கின்றன. எலியின் பெருந்தின்குழியங்களில் கஸ்ரிசின் என்.எவ். கப்பா பியின் செயலைத் தணிப்பதும் அறியப்பட்டுள்ளது.

2003இல் இலங்கை ஆய்வாளர், முதிர்ந்த நொச்சியிலையின் நீர்ச்சாற்றை எலிகளுக்கு வாய்வழியே கொடுத்து, பாதவீக்கம் குறைவதைக் காட்டினர். இதனைக் கஸ்ரிசினின் விளைவென உடனே முடிவு கட்டுதல் தவறாகும். மெதயிலேற்றம் உடலிற் புகும் ஆற்றலைக் கூட்டுமாயினும் நீரிற் கரையுந் திறனைக் குறைக்கின்றது. நொச்சியில் அக்னுசைட்டு போன்ற, நீரிற் கரையும் வேறு சேர்வைகளும் உள்ளன. ஒற்றடமும் வேதும் உடலை அடையும் வழிகளோ வேறு.

ஆகவே, ஓர் இலையிற் பிளேவனொயிட்டு உண்டென்பது அதன் மருத்துவப் பயனுக்குச் சான்றாகாது. ஒரு சேர்வை கிண்ணத்திற் செயற்படாமை அவ்விலையைப் புறக்கணிக்கவும் காரணமாகாது. மக்கள் கையாளும் முறையிலேயே சாற்றை ஆக்கி, உடலினுட் செல்லும் வடிவங்களை அளந்து, அவ்வடிவங்களையே கலங்களிற் சோதித்தல் வேண்டும். வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு இது அண்மையிற் கிடக்கும் ஆய்வுக்களமாகும். உழைக்கும் மக்களின் மருந்தறிவைப் போற்றுவதும் அதனைச் சோதிப்பதும் ஒரே கடமையின் இரு கூறுகள் என்பதே எமது கருத்து.