மூன்றாம் பாகத்து ஏமாற்றம்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிதம்)

ஆங்கிலத்தில் 'இளையோர் நாவல்' என்று ஒரு வகை உண்டு. ஏறத்தாழப் பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ளோரை மனத்திற்கொண்டு எழுதப்படுவது. நம் கல்லூரியிலும் அவற்றைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, பேருந்திலும் உணவு இடைவேளையிலும் படிப்போர் சிலர் உளர். அவற்றுள் மாயக் கதைகளும், வருங்காலக் கொடுங்கோலாட்சியைப் பற்றிய கதைகளுமே மிகுதி. பல மூன்று பாகங்களாக வருகின்றன. முதற் பாகத்தை இரவெல்லாம் கண்விழித்துப் படித்தவர் மூன்றாம் பாகத்தை மூடி வைத்ததும், "இதற்குத்தானா இத்தனை பக்கம்?" என்று கேட்பதைப் பார்க்கிறோம். இந்த ஏமாற்றம் எங்கிருந்து பிறக்கிறது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதைதானே, இதற்கு ஆராய்ச்சி எதற்கு என்று பேராசிரியப் பெருமக்கள் எண்ணலாம். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்களுக்கு இக்கதைகளோடு ஒரு தனி வழக்கு இருக்கிறது. அது போகப் போக விளங்கும்.

முதலில் சொல்லுக்குப் பொருள் காண்போம். குறையே இல்லாத கற்பனை நாடொன்றை 1516இல் தாமஸ் மோர் எழுதி, அதற்கு 'யுடோப்பியா' என்று பெயரிட்டார். அதன் மறுதலையான 'டிஸ்டோப்பியா' என்னும் கருத்தை 1868இல் ஆங்கில நாடாளுமன்றத்தில் ஜான் ஸ்டூவர்ட் மில் பேச்சில் எடுத்தாண்டார். வாழவே தகாத நாடு என்று பொருள் கொள்ளலாம். ஹக்ஸ்லியின் நாவல் 1932இலும், ஆர்வெல்லின் '1984' 1949இலும் வந்தன. அவை பெரியவர்களுக்கானவை. சிறுவர்க்கென்று லோயிஸ் லோரி எழுதிய 'தி கிவர்' 1993இல் வெளிவந்தது. பின்னர் 2008இல் சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' வரவே, மடை திறந்தது போலாயிற்று.

அந்நூலின் உலகம் ஒரு சட்டத்தின்மேல் நிற்கிறது. பன்னிரண்டு மாவட்டங்கள், மாவட்டத்துக்கு ஒரு தொழில். ஒன்றில் நிலக்கரி, ஒன்றில் மீன், ஒன்றில் உழவு. ஆண்டுதோறும் மாவட்டத்துக்கு ஓர் ஆண், ஒரு பெண் எனக் குலுக்கலில் பிள்ளைகளை எடுத்துத் தலைநகருக்கு அனுப்ப வேண்டும். அங்கே அவர்கள் ஒருவரையொருவர் கொன்று விளையாட, நாடு முழுவதும் தொலைக்காட்சியில் அதைப் பார்க்க வேண்டும். கேட்பதற்குக் கோரமான கற்பனைதான். ஆனால் அந்த நூலைத் தாங்கி நிற்பது கோரமன்று, ஒரு சிறு கணக்கு. கணித மாணவி என்பதால் அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

பன்னிரண்டு வயதில் ஒரு சீட்டு. ஆண்டுக்கு ஒன்றாகக் கூடி, பதினெட்டாம் வயதில் ஏழு சீட்டு. இது வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் கணக்கு. பசித்த வீட்டுப் பிள்ளைக்கு அரசு ஒரு 'சலுகை' தருகிறது. கூடுதலாக ஒரு சீட்டில் தன் பெயரை எழுதிப் போட்டால், ஒருவருக்கு ஓராண்டுக்கான தானியமும் எண்ணெயும், அதுவும் அரைவயிற்றுக்கு, கிடைக்கும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை சீட்டு போடலாம். கதாநாயகி காட்னிஸ் வீட்டில் மூவர். ஆண்டுக்குத் தனக்கு ஒன்றும் உணவுக்கு மூன்றுமாக நான்கு, பதினாறு வயதுக்குள் ஐந்து முறை, ஆக 20. அவள் நண்பன் கேல் வீட்டில் ஐவர். ஆண்டுக்கு ஆறு, பதினெட்டு வயதுக்குள் ஏழு முறை, ஆக 42. வசதியுள்ள பையனுக்கு ஏழு சீட்டு, இவனுக்கு நாற்பத்திரண்டு. பசிக்கு ஏற்ப மரணம் ஆறு மடங்காகிறது! சட்டம் எல்லோருக்கும் பொது. குலுக்கலில் கள்ளமும் இல்லை. ஆயினும் யார் சாவார்கள் என்பது ஏறக்குறைய முன்பே முடிவாகிவிடுகிறது. அநீதி என்ற சொல்லே தேவைப்படாமல் அநீதியைக் காட்டுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ரேஷன் அட்டையைக் கையில் பிடித்து வரிசையில் நின்றவர் எவருக்கும் இந்தக் கணக்கு உடனே புரியும். காட்னிஸின் வில் வித்தையும் அப்படியே. சுரங்க விபத்தில் தந்தை இறந்த பின் வீட்டுக்கு உணவு தேடி வேலி தாண்டிக் காட்டுக்குப் போனவள் அவள். குறி தவறினால் அன்று அடுப்பு எரியாது. ஆகவே குறி தவறாமல் எய்தாள். அவள் கைத்திறனுக்கு ஒரு விலை இருந்தது. அவ்விலையை நாம் பார்த்திருக்கிறோம். 2010இல் வந்த மூன்றாம் பாகத்தில் காதலர் இருவரில் யாரை மணப்பாள் என்ற இழுவை சலிப்பைத் தருகிறது என்பது உண்மை. ஆயினும் புரட்சியின் தலைவியே தலைநகரத்துப் பிள்ளைகளை வைத்து இன்னொரு முறை அந்த விளையாட்டை நடத்தலாம் என்று சொல்லும் இடத்தில், கதை தன் முதற் சட்டத்தை மறக்கவில்லை என்று தெரிகிறது.

இனி ஏமாற்றத்துக்கு வருவோம். 2011இல் 'டைவர்ஜென்ட்' வந்தது. ஆசிரியர் வெரோனிகா ராத். கல்லூரி இறுதியாண்டில் இதை எழுதினார் என்பது நமக்கெல்லாம் ஊக்கம் தரும் செய்தி. அழிவுக்குப் பிந்திய சிகாகோ நகரத்தில் மக்கள் ஐந்து பிரிவாகப் பிரிந்து வாழ்கிறார்கள். தன்னலமின்மை, அஞ்சாமை, அறிவு, அன்பு, வாய்மை என்று பிரிவுக்கு ஒரு குணம். பதினாறு வயதில் ஒரு தேர்வு வைத்து, இன்ன பிரிவுக்கு ஏற்றவர் என்று சொல்வார்கள். பிறகு பிள்ளை தானே ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுத்த பிரிவின் பயிற்சியில் தோற்றவர்கள் எந்தப் பிரிவிலும் சேராதவர்களாகத் தெருவுக்கு வருகிறார்கள். நகரத்தில் குப்பை அள்ளுவது, கட்டடம் கட்டுவது, துணி நெய்வது, பேருந்து ஓட்டுவது, தொடர்வண்டி இயக்குவது எல்லாம் இவர்களே. கூலி, உண்ணச் சிறிது உணவும் உடுக்கச் சிறிது துணியும்.

அந்தப் பத்தியைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான்கு பிரிவும் அவற்றுக்கு வெளியே நிறுத்தப்பட்டோரும் என்னும் ஏற்பாட்டை நூற்றாண்டுகளாக அறிந்த நாடு இது. அமெரிக்காவில் ஒரு மாணவி எழுதிய கற்பனையில் நம் ஊர்ச் சேரி தெரிந்தது. இனி இந்தப் பேருந்து ஓட்டுபவரின் கதை வரும், அவர் மகளின் கதை வரும் என்று எதிர்பார்த்தேன். இரண்டாம் பாகத்தில் அவர்கள் ஒரு படையாக வருகிறார்கள், ஆட்சியையும் கைப்பற்றுகிறார்கள். ஆனால் பேருந்து ஓட்டுபவர் வீட்டுக்குள் நூல் நம்மைக் கூட்டிச் செல்வதேயில்லை. படையாக அணிவகுப்பவர்களைப் பார்க்கிறோம். வேலை செய்பவர்களைப் பார்க்கவில்லை.

மாறாக, கதாநாயகி டிரிஸ் சிறப்புடையவள் என்றே கதை நகர்கிறது. தேர்வில் அவளுக்கு ஒன்றன்று, மூன்று குணங்கள் விளங்குகின்றன. அத்தகையோரே 'டைவர்ஜென்ட்'. ஏன் அப்படி? 2013இல் வந்த மூன்றாம் பாகம் விடை சொல்கிறது. முன்னொரு காலத்தில் மனிதரின் மரபணுக்களைத் திருத்தப் போய்ப் பழுதாக்கிவிட்டார்களாம். பழுது தலைமுறை தலைமுறையாகச் சரியாக வேண்டி நகரத்தையே ஒரு சோதனைச்சாலையாக அடைத்து வைத்தார்களாம். டிரிஸ் பழுது நீங்கிய மரபணு உடையவளாம். ஆசிரியருக்கு நீதி செய்ய வேண்டுமானால், மரபணுவால் மனிதரை உயர்வு தாழ்வு பிரிப்பதை டிரிஸே எதிர்த்து நிற்கிறாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் எதிர்ப்பு பேச்சில்தான். எவராலும் ஆகாத காரியம் கதை முழுதும் அவளால்தான் ஆகிறது. அவளுக்கோ அந்த ஆற்றல் பிறப்பிலேயே அமைந்தது. இறுதியில் அவள் இறந்துபோகிறாள் என்பதற்காக வாசகர் பலர் சினந்தனர். அதில் எனக்கு வருத்தமில்லை. பிறப்பால் மனிதரைப் பிரிக்கும் உலகத்தை எதிர்க்கப் புறப்பட்ட கதை, பிறப்பால் சிறந்த ஒருத்தியிடம் போய்ச் சரணடைந்ததே, அதுதான் வருத்தம். இத்தொடரைப் படமாக்கியவர்கள் 2016இல் மூன்றாம் படத்தோடு நின்றுவிட்டார்கள். அறிவித்த நான்காவது படம் வரவேயில்லை. அது வணிகக் கணக்கு.

தந்தையின் தொழிலைப் பிள்ளை செய்யட்டும் என்ற ஏற்பாடு நமக்குக் கற்பனையன்று. 1953இல் அன்றைய சென்னை மாநிலத்தில் இராஜாஜி அரசு ஒரு கல்வித் திட்டம் கொண்டு வந்தது. கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நாளுக்கு மூன்று மணி நேரம் பாடம். மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். இரு முறை வகுப்பு நடத்தினால் கூடுதல் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும் என்றனர் ஆதரித்தோர். குலக்கல்வித் திட்டம் என்றனர் எதிர்த்தோர். 1954இல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. உசிலம்பட்டிப் பக்கம் என் தாத்தா அப்போது எட்டு வயதுச் சிறுவர். அவருக்கு முழுநாள் பள்ளியும் இல்லை, அரைநாள் பள்ளியும் இல்லை, மாடு மேய்த்தார். என் தந்தை கீழமாசி வீதி மண்டிகளில் லோடுமேன். நான் பழங்காநத்தத்திலிருந்து வந்து இங்கே வகைநுண்கணிதம் படிக்கிறேன். எனக்கு எந்தச் சிறப்பு மரபணுவும் இருந்ததாக யாரும் சொல்லவில்லை. பள்ளியும் சத்துணவும் உதவித்தொகையும், விடியற்காலையில் எழுப்பிவிடும் அம்மாவும் இருந்தார்கள். ஆகவே 'பிறவியிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவன்' கதையைப் படிக்கும்போதெல்லாம், யாரோ என் சான்றிதழில் வேறொருவர் பெயரை எழுதுவது போல் இருக்கிறது.

இது புதிய வழக்கமன்று. விறகுவெட்டி வளர்த்த பிள்ளை வீரத்தில் சிறந்து விளங்குவான். கடைசியில் தோளிலுள்ள மச்சத்தைப் பார்த்து, தொலைந்துபோன அரசகுமாரன் இவனே என்பார்கள். விறகுவெட்டிக்கு அந்த வீரம் வராது என்பது மறைபொருள். நம் திரைப்படங்களும் இதைப் பலமுறை செய்துவிட்டன. ஆனால் 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வில் நம் பெற்றோர் படித்த விக்கிரமாதித்தன் வேதாளக் கதை வேறு மாதிரி. ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படத்தை யாரால் மறக்க முடியும்? தோளில் பிணம், கையில் வாள். விடை தெரிந்தும் பேசாவிட்டால் தலை வெடிக்கும். பேசினால் வேதாளம் மரத்துக்கே திரும்பும். அரசனுக்கும் இச்சட்டத்திலிருந்து விலக்கில்லை. ஒவ்வொரு முறையும் சுமையைத் தூக்கிக்கொண்டு முதலிலிருந்தே நடந்தாக வேண்டும். மண்டியில் மூட்டை தூக்குபவருக்குப் பிடிக்கக்கூடிய அரசன் அவன் ஒருவனே.

தமிழில் இவ்வகைக் கொடுங்கோல் வருங்காலக் கதை உண்டா என்று கேட்டால், உண்டு. 1980களில் 'ஆனந்த விகட'னில் தொடராக வந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வும், அதைத் தொடர்ந்த 'மீண்டும் ஜீனோ'வும். கதை நடக்கும் ஆண்டு 2021, 2022. நமக்கு அது கடந்தகாலமாகிவிட்டது என்பதே ஒரு வேடிக்கை. ஜீவா என்ற சர்வாதிகாரியின் இந்தியாவில் பிள்ளை பெற அரசிடம் அனுமதி வாங்க வேண்டும். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77ஆம் ஓராண்டில் மட்டும், 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்த நாடு இது. அதைக் கண்டிருந்த வாசகருக்கு அச்சட்டம் வெறுங்கற்பனையாகத் தோன்றியிராது. அனுமதி கிடைத்த மகிழ்ச்சியில் இருக்கும் நிலாவின் கணவன் காணாமற் போகிறான். புகார் கொடுத்தால், அப்படியொரு ஆளே இல்லை என்கிறது கணிப்பொறி. தேய்ந்த விரல்ரேகையை இயந்திரம் ஏற்காததால் தான் தானே என்று மெய்ப்பிக்க முடியாமல் நின்ற கட்டடத் தொழிலாளர்களை நாம் இன்று கண்டிருக்கிறோம். அந்த அத்தியாயம் பழையதாகவில்லை.

நிலாவிடம் தெய்வக் குறியோ மரபணுவோ இல்லை. சர்வாதிகாரி வெறும் ஒளிப்பிம்பம் என்று வெளிப்பட்ட பின் அவளை அரசியாக்குகிறார்கள். எதற்காக? அவள் ஒன்றுமறியாதவள், ஆட்டிவைக்க எளியவள் என்பதற்காக! 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்' கதையை இதைவிட அழகாகத் தலைகீழாக்க முடியுமா? ஆங்கில எழுத்தாளர்கள் இந்த வழிக்கு வருவதற்குப் பல்லாண்டு முன்பே அவர் அதைக் கேலி செய்து முடித்துவிட்டார்.

குறையும் இருக்கிறது. ஜீனோ என்ற இயந்திர நாய் கதையை வாயில் கவ்விக்கொண்டு ஓடிவிடுகிறது. நாமும் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடுகிறோம். அந்த இந்தியாவில் வயலில் இறங்குவது யார், சாக்கடை அள்ளுவது யார் என்ற கேள்விக்கு அங்கும் அதிக இடமில்லை. ராத் ஒரு பத்தியாவது எழுதினார்.

ஆனால் ஜீனோ விளையாட்டுப் பொருளாக வாங்கப்பட்ட நாய். அதைச் செய்தவர்கள் அதற்குச் சிந்தனையைக் கொடுத்து அனுப்பவில்லை. அது புத்தகங்களைப் படிக்கிறது. படித்துப் படித்தே தன்னைப் படைத்தவர்களை மிஞ்சிப் பேசத் தொடங்குகிறது. இந்த நாயைப் பற்றி எங்கள் வகுப்பில் நடந்த விவாதம் இரண்டு பிரிவேளை நீண்டது.

2023இல் நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் பழங்காநத்தத்திலிருந்து பெரியாரில் இறங்கி வேறு பேருந்து மாறிப் போக வேண்டும். நகரப் பேருந்தில் மகளிர்க்குக் கட்டணமில்லை. சனிக்கிழமை காலையில் போனால் சன்னலோர நாற்காலி கிடைக்கும். ஆங்கிலம் தடுக்கினால் அகராதியும் அங்கேயே இருக்கிறது. மூன்று பாகத் தொடர் எதையும் எடுப்பவர்கள், முதற் பாகத்தில் குப்பை அள்ளுபவர் யார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பாகத்தில் அவரைத் தேடிப் பாருங்கள்.