மின்வெட்டுக்குப் பின் ஆவணக் கோப்புறை வெறுமையாகத் தெரிந்தால்…

வலிந்து காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்கள் ஒரே ஆவணங்களைப் பல தடவை கையளித்திருக்கின்றன. 2010இல் அமைக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போனோர் அலுவலகம் என ஒவ்வோரிடத்திலும் முறைப்பாட்டுப் பிரதியும் புகைப்படமும் தேவைப்பட்டன. அடுத்த தடவையும் தேவைப்படலாம். அதனால் இவற்றை ஸ்கான் செய்து வைக்கும் சிறிய அமைப்புகள், தமது சேமிப்பு எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்திருக்க வேண்டும்.

மலிவான ஏற்பாடு ஒரு லினக்ஸ் சேர்வரும் 'நாஸ்' எனப்படும் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டியும்தான். நாஸிலுள்ள பகிர்வை, சேர்வரிலுள்ள வெறும் கோப்புறை ஒன்றுடன் இணைப்பதை 'மவுண்ட்' செய்தல் என்பார்கள். இணைப்பு இருக்கும்போது அந்தக் கோப்புறையில் நாஸிலுள்ள கோப்புகள் தெரியும். இணைப்பு அறுந்தாலும் கோப்புறை அங்கேயே இருக்கும். உள்ளே மட்டும் ஒன்றும் இராது.

ஆகவே கோப்புறை வெறுமையாகத் தெரிந்தால் ஆவணங்கள் அழிந்துவிட்டதாகப் பதறாதீர்கள். எதையும் 'ஃபோர்மட்' செய்யவும் வேண்டாம். 'ஃபைன்ட்எம்என்டி' கட்டளையுடன் கோப்புறையின் பாதையைக் கொடுங்கள். நாஸின் பெயரோ முகவரியோ உள்ள வரி வந்தால் இணைப்பு இருக்கிறது. வராவிட்டால் இல்லை.

மின்சாரம் மீண்டும் வரும்போது, நாஸ் விழிப்பதற்குள் சேர்வர் இயங்கத் தொடங்கிவிடுவது அடிக்கடி நடக்கும் காரணம். சேர்வர் ஒரு தடவை முயன்று கைவிட்டுவிடும். 'எஃப்எஸ்டேப்' கோப்பிலுள்ள வரியில் '_நெட்டெவ்', 'நோஃபெயில்', 'எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்' ஆகிய தெரிவுகளைச் சேர்த்தால், கோப்புறையை யாராவது திறக்கும் வேளையில் இணைப்பு மீண்டும் முயலப்படும். ரவுட்டர் நாஸுக்குப் புதிய ஐபி முகவரியைக் கொடுத்திருக்கவும் கூடும். நாஸுக்கு நிலையான முகவரி ஒன்றை ஒதுக்குங்கள்.

முகவரி சரியென்றால் பிழைச் செய்தியைப் படியுங்கள். இலக்கம் 13 என்றால் பயனர் பெயர், கடவுச்சொல் அல்லது அனுமதியில் சிக்கல். 'தவறான கோப்புமுறை வகை' என்ற பொருளில் செய்தி வந்தால், பெரும்பாலும் 'சிஃப்ஸ்-யூட்டில்ஸ்' பொதி நிறுவப்படவில்லை. 'பிங்' செய்தால் நாஸ் பதில் தருகிறது, ஆனால் இலக்கம் 112 வருகிறது என்றால், பழைய நாஸ் எஸ்எம்பி 1 மட்டுமே பேசக்கூடியதாக இருக்கலாம். 2017இல் வந்த லினக்ஸ் கேர்னல் 4.13 முதல் அந்தப் பதிப்பு இயல்பாகப் பயன்படுவதில்லை. அதை வலிந்து இயக்கலாம். ஆனால் அதே ஆண்டு 'வோனாக்ரை' தீநிரல் பரவியது எஸ்எம்பி 1இன் ஓட்டை வழியாகத்தான். நாஸின் மென்பொருளைப் புதுப்பிப்பதே பாதுகாப்பு.

இதைவிடப் பெரிய ஆபத்து சத்தமில்லாமல் நடக்கும். இணைப்பு இல்லாத நேரத்தில் அந்தக் கோப்புறைக்குப் பிரதியெடுத்தால், பெரும்பாலும் எந்தப் பிழையும் காட்டாமல் கோப்புகள் சேர்வரின் சொந்த வட்டில் எழுதப்படும். இணைப்பு திரும்பியதும் அவை அதன் அடியில் மறைந்துவிடும். எல்லாம் நாஸில் இருப்பதாக நாம் நம்பியிருப்போம்; சேர்வரின் வட்டு பழுதானால் அந்த நாட்களின் ஆவணங்கள் போய்விடும்.

சந்தேகம் இருந்தால் பிரதியெடுப்பை நிறுத்தி, 'அன்மவுண்ட்' செய்து கோப்புறையைப் பாருங்கள். அங்கு கோப்புகள் இருந்தால் அழிக்காமல் வேறிடத்துக்கு நகர்த்துங்கள். மீண்டும் இணைத்தபின் நாஸில் சேருங்கள். இனி நடக்காதிருக்க, பிரதியெடுக்கும் நிரலின் முதல் வரியிலேயே 'மவுண்ட்பொயின்ட்' கட்டளையால் இணைப்பைச் சோதியுங்கள். இல்லையெனில் நிரல் அங்கேயே நிற்கட்டும்.

சேர்வரும் நாஸும் ஒரே அறையில் இருந்தால் வெள்ளமோ தீயோ இரண்டையும் கொண்டுபோகும். இன்னொரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும். மாதம் ஒரு தடவை அந்தப் பிரதியிலிருந்து சில கோப்புகளைத் திறந்து, எழுத்துகள் வாசிக்கக்கூடியதாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.