ராமானுஜன் பட்டியலில் விடுபட்ட எண்

தஞ்சைக் களத்துமேட்டில் முன்பு பன்னிரண்டு மரக்கால் நெல் ஒரு கலம். பத்து மரக்கால் என்று வைத்திருந்தால் விரல்விட்டு எண்ண வசதிதான். ஆனால் மூன்று பங்காளிகள் வந்தால் கடைசி மரக்காலில் தகராறு. பன்னிரண்டோ இரண்டு, மூன்று, நான்கு, ஆறு பேருக்கும் சிக்கலில்லாமல் பிரியும். 1, 12 இரண்டையும் சேர்த்தால் 6 காரணிகள். 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை கிடையாது.

தனக்கு முந்திய எண்கள் அனைத்தையும் காரணிக் கணக்கில் மிஞ்சிவிடும் இவை உயர் பகு எண்கள். 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என்று போகும் இந்த வரிசையைக் குடைந்து ஆராய்ந்தவர், கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன். எஃப்.ஏ. என்ற கல்லூரித் தேர்வில் தேறாத அவருக்கு 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டம் கொடுத்தது, இதைப் பற்றி 1915-ல் லண்டன் கணிதக் கழக ஏட்டில் வந்த கட்டுரைக்காகத்தான்.

அதில் நூற்றுக்கும் மேற்பட்ட எண்களை வரிசையாகக் கொடுத்திருக்கிறார். கடைசி எண் 67,46,32,83,88,800. ஆறேமுக்கால் லட்சம் கோடிக்குச் சற்றுக் குறைவு. பகா எண்களாகப் பிரித்துப் பார்த்தால் 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு தடவை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை. எந்த உயர் பகு எண்ணிலும் பகா எண் பெரிதாகப் பெரிதாக அது வரும் தடவை அதிகரிப்பதே இல்லை; கடைசிப் பகா எண் ஒருமுறைதான் வரும். 4, 36 இரண்டு மட்டும் விதிவிலக்கு. ஒவ்வொரு தடவைக் கணக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் காரணிகள் 10,080.

இந்த எண்ணை 23-ஆல் வகுத்தால் 2,93,31,86,25,600. இதுவும் உயர் பகு எண்ணே. ஆனால் பட்டியலில் இல்லை! கையால் போட்ட அத்தனை பெரிய கணக்கில் நழுவியது இது ஒன்றுதான். இதன் காரணிகள் சரியாக 5040.

5040 சாமானிய எண் அல்ல. ஒன்று முதல் ஏழு வரை பெருக்கினால் வருவது. அதுவும் உயர் பகு எண். பல விதமாகப் பிரிக்கலாம் என்பதற்காகவே பிளேட்டோ தம் கனவு நகரத்துக்கு 5040 குடும்பங்கள் என்று வகுத்தார். 1984-ல் கீ ராபின் என்ற பிரெஞ்சுக் கணிதர் இன்னொன்றைக் காட்டினார்: 5040-ஐத் தாண்டிய எந்த எண்ணிலும் காரணிகளின் கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட வரம்பை எட்டாது என்று நிறுவிவிட்டால், இன்னும் நிறுவப்படாத ரீமான் கருதுகோளையே நிறுவியதாகும். அந்த வரம்பின் பக்கம் ராமானுஜன் முன்பே போயிருந்தார், அதே கட்டுரையின் அச்சாகாத பகுதியில். போர்க்காலப் பணமுடையில் கழகம் ஒதுக்கிய அந்தப் பக்கங்கள் 1997-ல்தான் ஆய்விதழில் வெளிவந்தன. விடுபட்ட எண்ணின் காரணிக் கணக்கிலும் ராபின் கண்ட எல்லையிலும் 5040 தலைகாட்டுவது தற்செயல்தான். ஆனாலும் ருசியான தற்செயல்.

ராமானுஜன் பிறந்தநாளான டிசம்பர் 22 வந்தால் பள்ளிதோறும் 1729 டாக்சிக் கதை சொல்கிறார்கள். நல்ல கதைதான். ஆனால் 1729-க்குக் காரணிகள் எட்டே எட்டு. கேட்கிற பிள்ளைக்குக் கைதட்டுவதைத் தவிர வேலையில்லை. அவருக்குப் பட்டம் வாங்கித் தந்த கட்டுரையின் பொருளோ ஆறாம் வகுப்புக் காரணிக் கணக்கிலிருந்தே தொடங்குகிறது. அதை வகுப்பறைக்குக் கொண்டுவரத்தான் ஆளில்லை. 60-க்கு அடுத்த உயர் பகு எண்ணைத் தேடச் சொன்னாலே ஒரு பீரியட் ஓடிவிடும். 60-க்கு 12 காரணிகள். 72, 84, 90, 96, 108 எல்லாம் அதே 12-ஐத் தொட்டு நின்றுவிடும், 100-க்கு ஒன்பதுதான். 120 வரும்போதுதான் 16 என்று எகிறும்.