பழைய ஜீப்பின் ஆக்சிலை மாற்றப் போகிறீர்களா?

போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியும் முன்பே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்களைப் பார்த்தவர்களுக்கு, அந்த வண்டிகள் மலை விவசாயத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பது தெரியும். லாரி ஏறாத, டிராக்டர் திரும்ப முடியாத பாதைகளில் உரம் மேலே போவதும், விளைச்சல் கீழே வருவதும் ஜீப்பில்தான். கொழுக்குமலை போன்ற உயரமான தேயிலைத் தோட்டங்களுக்கு இன்றும் ஜீப்பை விட்டால் வேறு வழியில்லை.

இந்த வண்டிகளில் பல முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடியவை. இன்ஜினை மாற்றி, பெரிய டயர் போட்டு, பாடியை நீட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அடியில் இருக்கும் ஆக்சில், பெரும்பாலும் வண்டி பிறந்தபோது வந்ததுதான். அது ஒருநாள் முறிகிறது. உடனே, "இதைவிடத் தடியான ஆக்சில் போட்டுவிடலாம்" என்று பட்டறையில் சொல்கிறார்கள். போடலாம். ஆனால் அதற்கு முன், முறிந்தது ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. காரணம் தெரியாமல் ஆக்சிலை மட்டும் பலப்படுத்தினால், அடுத்த முறிவு வேறிடத்தில் வரும். அது மலை இறக்கத்தில் வந்தால் உயிருக்கே ஆபத்து.

பின் ஆக்சில் முறிந்தால் என்ன ஆகும்?

மகிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்களை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. பிறகு வந்த சி.ஜே.3பி, எம்.எம்.540 போன்ற மாடல்கள் எல்லாம் அந்த வம்சம்தான். இவற்றின் பின் ஆக்சில் 'செமி ஃப்ளோட்டிங்' வகையைச் சேர்ந்தது. அதாவது, சக்கரத்தைச் சுழற்றும் அதே ஷாஃப்ட்தான் வண்டியின் எடையையும் தாங்குகிறது. வெளிப்பக்கத்தில் ஷாஃப்ட் முறிந்தால் சக்கரமே கழன்று வெளியே வரலாம்.

லாரிகளில் இருப்பது 'ஃபுல் ஃப்ளோட்டிங்' வகை. அதில் எடையை ஹவுசிங் முனையும் இரண்டு பேரிங்குகளும் தாங்கும்; ஷாஃப்டுக்குச் சுழற்றும் வேலை மட்டுமே. ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் இடத்தில் நிற்கும். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் எம்.பி. ராணுவ ஜீப்பின் பின் ஆக்சில் இந்த வகைதான். பிறகு வந்த பொதுமக்களுக்கான ஜீப்களில் அது செமி ஃப்ளோட்டிங்காக மாறியது.

இன்னொரு விஷயம் மிக முக்கியம். பழைய ஜீப்கள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை; டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறம், புரப்பெல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. இன்ஜின் பிடிப்பும் அதே ஷாஃப்ட் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. டூ வீல் டிரைவில் இறங்கும்போது பின் ஆக்சில் ஷாஃப்ட் ஒன்று முறிந்தால், டிபரன்ஷியல் சும்மா சுழலும். கியர் பிடிக்காது, ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காது. மிச்சம் இருப்பது கால் பிரேக் ஒன்றுதான். முறிந்த இடத்தில் சக்கரமும் டிரம்மும் நகர்ந்தால், பிரேக் ஆயில் குழாய் அறுந்து அதுவும் போய்விடலாம். ஒரே குழாய்த் தொடரில் நான்கு சக்கரத்துக்கும் ஆயில் போகும் பழைய மாஸ்டர் சிலிண்டர் என்றால், ஓரிடத்துக் கசிவு மொத்த பிரேக்கையும் காலி செய்துவிடும்.

அதனால்தான் ஆக்சில் விஷயத்தை வெறும் உதிரிபாகச் செலவாகப் பார்க்கக் கூடாது. பின்னால் உட்கார்ந்திருப்பது நம் தோட்டத்துக்கு வேலைக்கு வருபவர்கள்.

முதலில் எடையைப் பாருங்கள்

"எத்தனை மூட்டை ஏற்றுவீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் சொல்வார்கள். "எத்தனை கிலோ?" என்றால் யோசிப்பார்கள். 45 கிலோ யூரியா மூட்டை பத்து என்றால் 450 கிலோ. அதன்மேல் எட்டுப் பேர் ஏறினால், ஆளுக்கு 60 கிலோ வீதம் இன்னும் 480 கிலோ. மொத்தம் 930 கிலோ. இது சிறிய ஜீப் ஒன்று தாங்க வேண்டிய சுமையே அல்ல.

ஒருமுறை வழக்கமான சுமையோடு எடைமேடைக்குச் செல்லுங்கள். முழு வண்டியை நிறுத்தி ஓர் எடை, பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஓர் எடை எடுங்கள். பாடியை நீட்டிய வண்டிகளில் சுமை பின் ஆக்சிலுக்கு அப்பால் தள்ளி இருப்பதால், முன்பக்கம் லேசாகிப் பின் ஆக்சில் மட்டும் நசுங்கும். ஸ்டியரிங் பிடிமானமும் குறையும். இரண்டு எடைகளையும் கம்பெனிக் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். அளவு மீறியிருந்தால் முதல் வைத்தியம் இரண்டு நடையாக ஏற்றுவதுதான்.

டயரும் இன்ஜினும் செய்யும் வேலை

பழைய ஜீப்பின் 6.00-16 டயரின் உயரம் சுமார் 28 அங்குலம். அதைக் கழற்றி 31 அங்குல டயர் போட்டால், தரை இடைவெளி கூடும். பார்க்கவும் கம்பீரமாக இருக்கும். ஆனால் சக்கரம் சிக்கிக்கொள்ளும்போது ஷாஃப்டின் மேல் விழும் முறுக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது. டயரின் எடையும் கூடுவதால் பேரிங்கும் பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும்.

முறுக்கு எவ்வளவு பெருகுகிறது என்று பாருங்கள். வில்லிஸ் வகை டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ கியர் போட்டால் முறுக்கு 2.46 மடங்காகும். ஆக்சிலில் உள்ள கிரவுன், பினியன் அதை மேலும் 5.38 மடங்காக்கும். இவை இரண்டு மட்டுமே சேர்ந்து 13 மடங்கு. கியர் பாக்ஸின் முதல் கியர் இதற்கு மேல். சேற்றில் ஒரு சக்கரம் சுழன்று, திடீரென்று கல்லில் பிடித்தால், இத்தனை விசையும் ஒரே அடியாக ஷாஃப்டில் இறங்குகிறது. ஆக்சில் முறிவுகள் பெரும்பாலும் அந்த நொடியில்தான் நடக்கின்றன. ஓட்டுநர் கிளட்சைப் பட்டென்று விடாமல் இருந்தாலே ஷாஃப்டின் ஆயுள் கூடும்.

தேய்மானமா, பலமின்மையா?

முறிந்த ஷாஃப்டைக் குப்பையில் போடாதீர்கள். அதுவே காரணத்தைச் சொல்லும். ஷாஃப்டின் பல்வரிசை நேராக இல்லாமல் திருகிக்கொண்டு இருந்தால், அது தாங்க முடியாத முறுக்கைப் பலமுறை வாங்கியிருக்கிறது. முறிந்த முகத்தில் ஒரு பகுதி வழவழப்பாக, வளைய வளையமாக இருந்து, மீதி சொரசொரப்பாக இருந்தால், விரிசல் வெகுநாளாக வளர்ந்து வந்து கடைசியில் முறிந்திருக்கிறது. அப்படியானால் அடுத்த பக்க ஷாஃப்டையும் சோதிக்க வேண்டும்.

பல பழைய ஜீப்களில் ஹப், ஷாஃப்டின் கூம்பு முனையில் ஒரு சாவி வைத்து நட்டால் இறுக்கப்பட்டிருக்கும். நட் சிறிது தளர்ந்தால் போதும், சாவி தேய்ந்து, சாவிக் குழியிலிருந்து விரிசல் தொடங்கும். இதைப் பூட்டும்போது கூம்பில் கிரீஸ், ஆயில் பிசுக்கு இருக்கக் கூடாது. டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கி, பின் மாட்டி, சில நாள் ஓட்டியபின் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

ஆக்சில் ஆயிலையும் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சூடான ஹவுசிங் ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஹவுசிங் மேலுள்ள காற்றுக் குழலில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, சேசிஸ் உயரத்துக்கு மேல் கொண்டுபோய்க் கட்டினால் இது பெருமளவு குறையும். சில நூறு ரூபாய்க்குள் முடியும் வேலை.

மாற்றுவது என்று முடிவு செய்தால்

சுமை சரியாக இருந்தும், பராமரிப்பு சரியாக இருந்தும் ஆக்சில் தாங்கவில்லை என்றால் மாற்றலாம். அதில் மூன்று படிகள் உண்டு.

முதல் படி, நல்ல உருக்கில் செய்த அதே அளவு ஷாஃப்ட். லேத்தில் கிடைத்த கம்பியில் கடைந்து, சூடேற்றிப் பதப்படுத்தாத ஷாஃப்ட் வேண்டாம். பலருக்கு இந்தப் படியே போதும்.

இரண்டாவது படி, தடித்த ஷாஃப்ட். ஷாஃப்டின் விட்டம் 10 சதவீதம் கூடினால் முறுக்கு தாங்கும் பலம் 33 சதவீதம் கூடும். ஆனால் பல்வரிசைப் பகுதியின் அடி விட்டம்தான் கணக்கு. நடுவில் மட்டும் தடித்திருந்து பயனில்லை. தடித்த ஷாஃப்டுக்குப் பொருந்தும் டிபரன்ஷியல் கியர், பேரிங், சீல் எல்லாம் கிடைக்குமா என்று முதலில் உறுதி செய்யுங்கள்.

மூன்றாவது படி, வேறு வண்டியின் முழு ஆக்சிலைக் கொண்டுவந்து பொருத்துவது. இங்கேதான் கவனம் அதிகம் வேண்டும்.

• விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னும் பின்னும் கிரவுன், பினியன் விகிதம் ஒன்றாக இல்லாவிட்டால் ஃபோர் வீல் போட்டதும் இரண்டு ஆக்சிலும் ஒன்றையொன்று இழுக்கும். ஒன்று 43 பல்லுக்கு 8 பல், அதாவது 5.38, மற்றது 39-க்கு 8, அதாவது 4.88 என்றால், ஒவ்வொரு 100 மீட்டருக்கும் கிட்டத்தட்ட 10 மீட்டர் வித்தியாசம். ஏதாவது ஒன்று உடைந்தே தீரும். பல் எண்ண முடியாவிட்டால், நியூட்ரலில் பின் சக்கரம் இரண்டையும் தூக்கி, இரண்டையும் ஒன்றாக ஒரு சுற்று சுற்றுங்கள். புரப்பெல்லர் ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கைதான் விகிதம்.

• வேகத்துக்காக விகிதத்தைக் குறைக்காதீர்கள். 5.38-ஐ 4.27 ஆக்கினால் தார்ச்சாலையில் இன்ஜின் அலறாது. ஆனால் ஏறும் இழுவையும், இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். மலைத்தோட்டத்துக்கு அது ஏற்றதல்ல.

• டிபரன்ஷியல் இருக்கும் பக்கம். பழைய ஜீப்பில் டிரான்ஸ்ஃபர் கேஸின் முனை நடுவில் இல்லை, ஒரு பக்கம் தள்ளி இருக்கும். நடுவில் டிபரன்ஷியல் உள்ள புதிய ஆக்சிலைப் பூட்டினால் புரப்பெல்லர் ஷாஃப்ட் கோணலாக ஓடி, ஜாயிண்ட் சீக்கிரம் போய்விடும்.

• வெல்டிங். ஸ்பிரிங் பட்டை உட்காரும் தளத்தை நினைத்த இடத்தில் வெல்டு செய்யக் கூடாது. சுமையோடு வண்டியை நிறுத்தி, பினியன் கோணம் பார்த்துக் குறித்தபின், விட்டுவிட்டுச் சிறிது சிறிதாக வெல்டு செய்ய வேண்டும். தொடர்ந்து செய்தால் சூட்டில் ஹவுசிங் வளையும். டிபரன்ஷியலையே வெல்டு அடித்துப் பூட்டுவது கொண்டை ஊசி வளைவுகளில் ஆபத்து. சக்கரங்கள் வழுக்கும், ஷாஃப்டும் முறியும்.

• பிரேக். புதிய ஆக்சிலோடு வரும் பிரேக்கின் அளவுக்கு மாஸ்டர் சிலிண்டர் பொருந்த வேண்டும். இந்த வாய்ப்பில் இரட்டைத் தொடர் மாஸ்டர் சிலிண்டராக மாற்றிவிடுங்கள். ஒரு பக்கம் கசிந்தாலும் மறுபக்கம் பிடிக்கும். என்னைக் கேட்டால், பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ஆக்சிலைவிட இதையே முதலில் செய்யச் சொல்வேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. பழுதான பாகத்துக்கு அதே வகைப் பாகம் போடுவது பழுதுபார்ப்பு. வேறு வண்டியின் ஆக்சில், அகலமான சக்கர இடைவெளி, பெரிய டயர் என்று போகும்போது வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அனுமதியில்லாத மாற்றம் இருந்தால் விபத்தின்போது இழப்பீடு பெறுவதில் சிக்கல் வரும்.

ஓட்டுநருக்கும் களப்பணியாளருக்கும்

மண்பாதையில் இறங்கும்போது ஃபோர் வீல், லோ கியரில் இறங்குங்கள். ஒரு ஷாஃப்ட் முறிந்தாலும் முன் ஆக்சில் வழியாக இன்ஜின் பிடிப்பு இருக்கும். காய்ந்த தார்ச்சாலைக்கு வந்ததும் ஃபோர் வீலை எடுத்துவிடுங்கள். வண்டியில் எப்போதும் இரண்டு கனமான மரக்கட்டைகள் இருக்கட்டும். நிறுத்தியதும் சக்கரத்துக்கு அண்டை கொடுங்கள்.

வாரம் ஒருமுறை பின் சக்கரங்களைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தாலோ, டிரம் ஓரத்தில் ஆயில் கசிந்தாலோ ஆள் ஏற்ற வேண்டாம்.

மலைக் கிராமங்களில் பயிற்சி நடத்தும் களப்பணியாளர்கள், உரப் பரிந்துரை சொல்லும் அதே கூட்டத்தில் மூட்டைக் கணக்கைக் கிலோவாக்கிக் காட்டலாம். மண் பரிசோதனைப்படி உரம் இட்டு, தேவையற்ற மூட்டைகள் குறைந்தால், மலையேறும் சுமையும் அந்த அளவுக்குக் குறையும். பலமான ஆக்சில் போட்டாயிற்று என்று இன்னும் ஐந்து மூட்டை ஏற்றினால், செய்த செலவு வீண். போன ஆண்டு ஏற்றிய சுமையையே ஏற்றுங்கள். கூடிய பலம் கையிருப்பாக இருக்கட்டும்.