அம்மாவுக்காக ஒரு பத்துமலைப் பயணம்

தைப்பூசத்திற்கு அம்மாதான் என் கையைப் பிடித்துப் பத்துமலை ஏற்றுவார். இப்போது அவருக்கு முட்டிவலி. நேர்த்திக்கடன் மட்டும் பாக்கி. அதைச் செலுத்தத் தனியாக நடந்தேன்.

வெள்ளி ரதம் போகும் வழிதான். ஜாலான் துன் எச்.எஸ்.லீ மகா மாரியம்மன் கோயிலிலிருந்து ஜாலான் ஈப்போ வழியாகச் சுமார் 15 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பினால் வெயிலுக்குத் தப்பலாம், தண்ணீர் அவசியம். திரும்புவதற்குக் கொமுட்டர் ரயில் உண்டு. கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு.

தம்புசாமி பிள்ளை தோற்றுவித்த தலம் இது. 1892 முதல் இங்கே தைப்பூசம் நடக்கிறது. 42.7 மீட்டர் உயர முருகனை வணங்கி, குரங்குகளிடமிருந்து பையைக் காத்து, 272 படிகளையும் ஏறினேன்.

மேலே நின்று அம்மாவை அழைத்தேன். என் மூச்சிரைப்பைக் கேட்டவர், “போதும்யா, நானே ஏறின மாதிரி இருக்கு” என்றார்.